பானை பொங்கட்டும், தெரு புகைய வேண்டாம்

மார்கழி பிறந்துவிட்டது. காலை ஏழு மணிக்கும் ஹவுரா பாலம் பனியில் பாதிதான் தெரிகிறது. பஜாரில் புது ஈச்ச வெல்லம் வந்து இறங்கிவிட்டது. இன்னும் ஒரு மாதத்துக்குக் கல்கத்தாவில் பண்டிகைக்குக் குறைவில்லை. டிசம்பர் 25 கிறிஸ்துமஸ், பிறகு ஆங்கிலப் புத்தாண்டு, ஞாயிறுதோறும் பிக்னிக், ஜனவரி நடுவில் போகியும் பொங்கலும். நாம் பானை வைக்கும் அதே சங்கராந்தியில் வங்காளிகள் வீட்டில் பிட்டே பலகாரம் வேகும். கங்காசாகருக்குப் போகும் யாத்ரீகர்கள் பாபுகாட்டில் கூட்டம் கூட்டமாகத் தங்கியிருப்பார்கள்.

பண்டிகை உழைப்பவனின் உரிமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆண்டு முழுவதும் ஓவர்டைமும் இரவுப் பணியுமாக ஓடியவன், பத்து வீட்டுப் பாத்திரம் தேய்த்தவள், வருஷத்தில் நாலு நாள் புதுத்துணி உடுத்திப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இனிப்புச் சாப்பிடுவதைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. ஊரில் பொங்கலுக்கு அரசு விடுமுறை. இங்கே நாம் விடுப்பு எழுதிக் கொடுத்தால்தான் பொங்கல். அப்படிப் பெற்ற ஒரு நாளைச் சுருக்கிக் கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக இத்தலையங்கத்தை எழுதவில்லை. பண்டிகை முடிந்த மறுநாள் காலையில் தெருவில் என்ன கிடக்கிறது, அதை யார் சுமக்கிறார்கள், அது எங்கே போகிறது என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

எங்கே போகிறது என்பதிலிருந்தே தொடங்குவோம். 2025 மார்ச் மாதம் ஹவுராவில் நடந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பெல்காச்சியா குப்பை மேட்டை ஒட்டிப் பெரிய குடிநீர்க் குழாய் வெடித்தது. தரை பிளந்தது. சுற்றியிருந்த வீடுகளின் சுவர்கள் விரிசல் விட்டன. குடும்பங்கள் பாயும் படுக்கையுமாக வெளியேறின. ஹவுராவின் பல பகுதிகளில் தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக் கொண்டு ஜனங்கள் அலைந்தார்கள். பல பத்தாண்டுகளாக ஒரு நகரம் கொட்டிய குப்பையின் பாரத்தைத் தரை தாங்கவில்லை. அங்கே வீடிழந்தவர்கள் யார்? சீமான்கள் அல்லர். வாடகை குறைவு என்பதற்காக நாற்றத்தைச் சகித்துக் கொண்டு குப்பை மேட்டின் அடிவாரத்தில் குடியிருந்த, நம்மைப் போன்ற உழைக்கும் ஜனங்கள். ஒரு நகரத்தின் குப்பை கடைசியில் வந்து சேரும் முகவரி ஏழையின் வாசல்தான். கல்கத்தாவுக்குத் தாப்பா, ஹவுராவுக்குப் பெல்காச்சியா, சென்னைக்குக் கொடுங்கையூரும் பெருங்குடியும். ஊர் மாறினாலும் கதை ஒன்றுதான்.

இது எப்போதும் இப்படித்தான் இருந்ததா என்றால், இல்லை. தாப்பாவின் வரலாறு ரயில்வேக் குடும்பங்களுக்கு இன்னும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்நகரத்தின் குப்பையைக் கிழக்கே கொண்டுபோய்க் கொட்டுவதற்கென்று மாநகராட்சி தனியாக ஒரு ரயில் பாதை போட்டு வண்டி ஓட்டியது. அன்று அந்த வண்டியில் போனவை சாம்பல், காய்கறித் தோல், மீன் செதில், வாழை இலை, வைக்கோல், உடைந்த மண்சட்டி ஆகியவைதான். மண் அவற்றைத் தின்றுவிட்டது. அந்தக் குப்பை மண்ணிலேயே விவசாயிகள் முட்டைக்கோசும் காலிபிளவரும் கீரையும் விளைவித்து நகரத்துக்கே விற்றார்கள். நகரத்தின் சாக்கடை நீர் பேரி எனப்படும் குளங்களில் வெயிலில் தெளிந்து மீன் வளர்த்தது. இன்றும் வளர்க்கிறது. கிழக்குக் கல்கத்தா சதுப்பு நிலம் என்று பெயர் பெற்ற அந்தப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஹெக்டேர் பரப்பை 2002ஆம் ஆண்டு ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவித்தார்கள். அதன் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் துருபஜோதி கோஷ் என்ற வங்கப் பொறியாளர். 2018இல் மறைந்தார். அந்த ஞானம் தம்முடையது என்று அவர் பெருமையடித்துக் கொள்ளவில்லை. அங்கே மீன் வளர்க்கிறவனும் காய் பயிரிடுகிறவனும்தான் தமக்கு ஆசான்கள் என்ற நிலையில் நின்றே அவர் பணி செய்தார்.

அந்த ஏற்பாடு இன்று ஏன் திணறுகிறது? குப்பை அதிகமானது ஒரு காரணம். குப்பையின் குணம் மாறியது அதைவிடப் பெரிய காரணம். மண் தின்னும் குப்பை வயலாயிற்று. மண் தின்னாத பிளாஸ்டிக் பையும் தெர்மாகோல் தட்டும் மலையாயின. நாம் இம்மாதம் சொல்ல வந்த செய்தி முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது: நம் பண்டிகை வழக்கங்கள் மண் தின்னும் பொருள்களுக்காக ஏற்பட்டவை. பொருள் மாறிவிட்டது. வழக்கத்தை மட்டும் நாம் கண்ணை மூடிக்கொண்டு செய்து வருகிறோம்.

போகியை எடுத்துக் கொள்வோம். நம் பாட்டி போகியன்று எதை எரித்தாள்? கிழிந்த கோரைப் பாய், தேய்ந்த துடைப்பம், ஓட்டை முறம், பனையோலைப் பெட்டி. எல்லாம் புல்லும் ஓலையும். எரிந்தால் சாம்பல், சாம்பல் எருக்குழிக்குப் போகும். இன்று நம் வீட்டில் கழிந்து போகும் பொருள் எவை? நைலான் பாய், ரெக்சின் பை, நுரை மெத்தை, பிளாஸ்டிக் வாளி, மின்சார ஒயர், சைக்கிள் டயர். டயர் எரிந்தால் கரியும் கந்தகப் புகையும் வரும். பி.வி.சி. எரிந்தால் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் அமிலப் புகை வரும். அதோடு டையாக்சின் என்ற நஞ்சும் வரும். பாட்டி செய்ததைத்தான் நாமும் செய்கிறோம் என்று சொல்வது பொருந்துமா? கொளுத்துவது ஒன்றுதான், கொளுத்தப்படும் பொருள் வேறு.

காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. குளிர்கால இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கிறது. அதன்மேல் சற்றுச் சூடான காற்று மூடி போட்டது போல் உட்கார்ந்துவிடுகிறது. விடியற்காலையில் கொளுத்திய புகை மேலே போக வழியில்லாமல் சந்துக்குள்ளேயே சுற்றும். 2018ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து ஓடுபாதையை மறைத்ததால், வந்த விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. விமானத்தைத் திருப்பி விடலாம். பத்துக்குப் பத்து அறையில் மூச்சிரைப்போடு படுத்திருக்கும் முதியவரை எங்கே திருப்பி விடுவது? பிறந்து மூன்று மாதமான குழந்தையை எங்கே கொண்டு போவது?

நாம் பிழைக்க வந்த இடத்தில் இருக்கிறோம் என்பதையும் மறந்துவிடலாகாது. நம் மேளமும் கோலமும் பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பத்துக்குப் பிடிக்கும். சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் மகிழ்ந்து வாங்கிப் பிட்டே கொடுத்து அனுப்புவார்கள். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு ஜன்னல் வழியாக டயர் புகை நுழைந்தால், அவர்கள் கண்ணில் அது தமிழன் பண்டிகையாகத் தெரியாது. தமிழன் செய்யும் தொல்லையாகவே தெரியும். பல ஆண்டுகள் உழைத்து நாம் சம்பாதித்த நல்ல பெயர் ஒரு டயரில் எரிந்து போகலாமா? சட்டமும் வேடிக்கை பார்த்துக் கொண்டிருக்கவில்லை. திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டது.

அப்படியானால் போகியை விட்டுவிடுவதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். விட வேண்டாம். வீட்டை ஒழித்துக் கூட்டி, வெள்ளையடித்து, அழுக்கை வெளியேற்றுவதுதான் போகி. நெருப்பு அதன் கடைசிக் காரியம் மட்டுமே. நாலு வறட்டியும் ஒரு பிடி வைக்கோலும் எரிந்தால் சாஸ்திரத்துக்குப் போதும். மற்றவற்றுக்கு வேறு வழி உண்டு. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் நம் சந்துகளில் வருகிறார்கள். பழைய பேப்பர்காரர் இரும்பும் பிளாஸ்டிக்கும் எடை போட்டு எடுத்துக் கொள்கிறார். வங்கத்துத் தாய்மார்களைப் பாருங்கள்: நைந்த சேலைகளை மடித்து அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுக் காந்தா என்ற போர்வை ஆக்குகிறார்கள். இந்தக் குளிருக்கு அதைவிட இதமான போர்வை எது? இவ்வூரில் இத்தனை ஆண்டு வாழ்ந்து நாம் கற்றுக் கொள்ள வேண்டிய கலைகளில் அதுவும் ஒன்று. சென்னை மாநகராட்சியே அண்மை ஆண்டுகளில் போகிக்கு முன்னால் பழைய டயரையும் துணியையும் பாயையும் பெற்றுக் கொள்ள ஏற்பாடு செய்கிறது. சொந்த ஊரில் நடக்கும் காரியம் வந்த ஊரில் நடக்காதா?

அடுத்தது பந்தி. பொங்கல் விழா என்று இருநூறு பேருக்குச் சமைக்கிறோம். நூற்றிருபது பேர் வந்தால் எண்பது பேர் சோறு குப்பைத் தொட்டிக்குப் போகிறது. அந்த அரிசி உறுப்பினர்கள் பத்தும் இருபதுமாகத் தந்த சந்தாவில் வாங்கியது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. அடுப்பில் போடுவதை அளக்க வேண்டாமா? ஆகவே குடும்பத்துக்கு எத்தனை பேர் என்று முன்கூட்டியே பெயர் வாங்கிக் கொண்டு உலை வைக்க வேண்டும். சோறு வெந்தபின் மிஞ்சினால், பந்தி முடியும் வரை காத்திராமல், கை படாமல் எடுத்து, சூடு ஆறுமுன் அக்கம்பக்கத்தில் பகிர வேண்டும். மறுநாள் ஊசிப் போனதை ஏழைக்குத் தர்மம் என்று கொடுப்பது தர்மமாகாது.

இலை விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. உலகம் இன்று தேடும் தட்டு நம் வாழை இலை. லேக் மார்க்கெட்டில் கிடைக்கிறது. விலை கூடுதல் என்றால் வங்கத்தின் சால இலைத் தட்டு இருக்கிறது. புருலியா, பாங்குரா, ஜார்கிராம் காடுகளில் ஆதிவாசிப் பெண்கள் இலை பறித்துத் தைத்து விற்பது அது. தெர்மாகோல் தட்டு வந்தபோது நம் குப்பை பெருத்தது. அந்தப் பெண்களின் அடுப்பும் அணைந்தது. சால இலை வாங்குகிறவன் குப்பையைக் குறைக்கிறான், ஒரு தொழிலாளிக்குக் கூலியும் கொடுக்கிறான்.

டீ, தண்ணீருக்கு என்ன செய்வது? கல்கத்தாவின் மண் கோப்பை நமக்குத் தெரிந்ததே. 2004இல் லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது நாடெங்கும் நிலையங்களில் மண் கோப்பை கொண்டுவர உத்தரவிட்டார். சில காலத்துக்குப் பின் பிளாட்பாரங்களில் பேப்பர் கப் நிறைந்துவிட்டது. பேப்பர் கப் பேப்பர்தானே என்று நினைக்கிறோம். உள்ளே பிளாஸ்டிக் பூசியிருக்கிறது. இல்லாவிட்டால் டீ ஒழுகிவிடும். மண் கோப்பையும் சும்மா வருவதில்லை. களிமண்ணும் சூளை விறகும் செலவாகின்றன. எல்லாவற்றிலும் சிறந்தது நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர்தான். நம் தாய்மார்கள் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கிறார்களே, எதற்காக? கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் நாலு வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கூடும், திரும்பத் தத்தம் வீடு சேர வேண்டும் என்பதற்காக. அந்த வழக்கம் நம்மிடம் இருக்கும்போது காசு கொடுத்துக் குப்பை வாங்குவானேன்?

இங்கே ஆண்களுக்கு ஒரு வார்த்தை. டம்ளர் கொண்டு வருவோம் என்று கூட்டத்தில் கைதூக்குவது எளிது. இருநூறு டம்ளரைக் கழுவுவது யார்? அதையும் பெண்கள் தலையில் கட்டினால், குப்பைத் தொட்டியின் பாரத்தை இறக்கித் தாயின் முதுகில் ஏற்றியதாகத்தான் முடியும். ஆண்டு முழுவதும் தேய்ப்பவள் பொங்கலன்றாவது உட்கார்ந்து சாப்பிடட்டும். கழுவும் தொட்டியருகே ஆண்கள் நிற்க வேண்டும். வரிசையில் முதலாவதாகச் சங்க நிர்வாகிகள் நிற்க வேண்டும்.

நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் பிக்னிக் போகும் இளைஞர்களுக்கும் இதே செய்திதான். குடிலுக்கு மூங்கிலும் வைக்கோலும் போதும். நட்சத்திரத்துக்கு மூங்கில் குச்சியும் வண்ணக் காகிதமும் போதும். அடுத்த ஆண்டுக்குப் பத்திரப்படுத்தியும் வைக்கலாம். அலங்காரத் தெர்மாகோல், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்பூன், உறிஞ்சு குழல், இனிப்புப் பெட்டி மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாள் ஆகியவை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. ஆற்றங்கரைக்குப் பிக்னிக் போகிறவர்கள் கொண்டு போன பாட்டிலையும் பையையும் திரும்பக் கொண்டு வரட்டும். நிறைந்து போகும்போது சுமக்க முடிந்தது, காலியாக வரும்போது கனக்கிறதா?

இனிப் பண விரயம். வீட்டில் எல்லோருக்கும் இரண்டு ஜோடி, டி.வி. விளம்பரத்தில் பார்த்த சாமான், ஊரிலிருந்து வந்தவர்களுக்கு முன் கௌரவம் என்று ஆறாயிரம் ரூபாய் நூற்றுக்கு ஐந்து மாத வட்டியில் வாங்கினால், மாதம் முந்நூறு ரூபாய் வட்டி. அடுத்த பொங்கலுக்குள் வட்டி மட்டும் மூவாயிரத்து அறுநூறு. முதல் அப்படியே நிற்கும். அப்போது வாங்கிய பளபளப்புச் சாமான் எங்கே இருக்கும்? தாப்பாவில் இருக்கும். கடன் மட்டும் நம் வீட்டில் இருக்கும். கடன் கொடுத்தவனுக்கும் சாமான் விற்றவனுக்குமே அது பண்டிகை. பிள்ளைக்கு ஒரு நல்ல சட்டை வாங்குங்கள். மீதியைப் பள்ளிக் கட்டணத்துக்கும் சாலிமாரிலிருந்து ஊருக்குப் போகும் கொரமண்டல் வண்டி டிக்கெட்டுக்கும் வையுங்கள். வயதான தாய்க்கு மகன் முகத்தைவிடப் பெரிய பொங்கல் சீர் எது?

இவ்வளவும் நம் வீட்டுக்குள் செய்ய வேண்டியவை. குப்பைக்கெல்லாம் காரணம் ஏழைத் தொழிலாளிதான் என்று யாராவது உபதேசம் செய்ய வந்தால் அதை நாம் ஏற்கமாட்டோம். ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தில் எண்ணெயும் சோப்பும் நமக்கு விற்கத் தீர்மானித்தது நாமல்ல. தடை செய்த தட்டைத் தயாரிக்கும் பட்டறையை மூடாமல், அதை விற்கும் தள்ளுவண்டிக்காரரை மட்டும் பிடிப்பது நியாயமல்ல. தயாரித்தவனே தன் பிளாஸ்டிக்கைத் திரும்பப் பெறப் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டு விதிகளிலேயே எழுதியாயிற்று. எழுத்தில் உள்ளது சந்துக்கு வர வேண்டும். மாநகராட்சி பல வார்டுகளில் பச்சை வாளியும் நீல வாளியும் கொடுத்தது. ஈரக் குப்பை பச்சையில், உலர் குப்பை நீலத்தில். நாம் பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் பிரித்தவன் பைத்தியக்காரனாகிறான். அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பிரித்துக் கொடுப்பவன் குரலுக்குத்தான் கேட்கும் வலிமையும் உண்டு. அப்படிப் பிரித்தால் நாற்றத்தில் கைவிட்டுக் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் பெண்களின் கையில் கண்ணாடி குத்தாது என்பதையும் நினைவில் வைப்போம்.

ஆகவே இவ்வாண்டுப் பொங்கல் விழாவுக்கு உறுப்பினர் குடும்பங்களின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். முதலாவது, போகியில் டயர், பிளாஸ்டிக், ரப்பர், ஒயர் எதையும் எரிப்பதில்லை. பழம் பொருள்களைச் சேர்த்துக் கொண்டுபோக வண்டி அனுப்பும்படி வார்டு அலுவலகத்தில் கையெழுத்திட்டு மனுக் கொடுப்போம். இரண்டாவது, பந்திக்கு முன்கூட்டிப் பெயர் கொடுப்போம், இலையில் உண்போம், வீட்டு டம்ளரோடு வருவோம். மூன்றாவது, நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிக்கு மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்துக் குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016 விதி சொன்னதை யாரும் வந்து கேட்கும் முன்பே நாம் செய்வோம். நான்காவது, விழாவில் மிச்சமாகும் பணத்தைப் பிள்ளைகளின் பாடப் புத்தகத்துக்குத் தனிக் கணக்கில் வைத்து, அடுத்த கூட்டத்தில் காசு விடாமல் கணக்குக் காட்டுவோம்.

துப்புரவுத் தொழிலாளி நம் சகோதரன். நாம் கூலிக்குப் போராடும்போது அவனையும் வர்க்கத் தோழன் என்கிறோம். பண்டிகைக்கு மறுநாள் விடியற்காலைக் குளிரில் அவன் துடைப்பத்தோடு நம் சந்துக்குள் வரும்போது அங்கே கிடப்பதைப் பார்த்துத்தான் அந்த வார்த்தையின் மெய்யும் பொய்யும் அவனுக்குத் தெரியும். கோலத்தின் அரிசிமாவை எறும்பு தின்னட்டும். இலையை மாடு தின்னட்டும். சாம்பலை மண் தின்னட்டும். மிச்சம் வைக்காத பொங்கலாக இவ்வாண்டு பொங்கட்டும்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துக்கள்!